மூச்சு விடுற இடமெல்லாம் கமா இல்லைங்க

போன வாரம் பொழுதோட வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஆங்கிலக் கட்டுரை நோட்டை என் மடியில் போட்டாள். ஆறாம் வகுப்பு. அப்புச்சி தோட்டத்துக்குப் போய்வந்ததைப் பற்றி ஒரு பக்கம். பத்துக்கு நாலு மார்க். எழுத்துப் பிழை ஒன்றிரண்டுதான், மிச்சச் சிவப்பு மை எல்லாம் கமாவைச் சுற்றித்தான் இருந்தது.

இரண்டு வரியை மட்டும் இங்கே போடுகிறேன். "வீ வென்ட் டு த ஃபார்ம், அப்புச்சி வாஸ் நாட் தேர்." இன்னொன்று, "ஐ கால்டு ஹிம் பட், ஹி டிட் நாட் ஹியர்."

"ஏன் கண்ணு இங்க கமா போட்டே?"

"மூச்சு விடுற இடத்துல போடச் சொன்னாங்கப்பா. நான் அங்கதான் மூச்சு விட்டேன்."

வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். நிஜம்தான், அங்கேதான் நிற்கிறாள். அவள் மட்டுமா? ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். "வெடியாலயே வந்தனுங்க, நாலு மாடு பாத்தனுங்க, ஆனாலுங்க, ஒண்ணும் வெலை படியலீங்க." ஒவ்வொரு 'ங்க'விலும் ஒரு சின்ன நிறுத்தம். மரியாதைக்கு மரியாதை, மூச்சுக்கு மூச்சு. இப்படிப் பேசுகிற வீட்டில் வளர்கிற பிள்ளை 'பட்'டுக்குப் பிறகு கமா போடாமல் வேறெங்கே போடும்?

பள்ளித் தமிழ்ப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால், ஆகவே மாதிரிச் சொற்களுக்குப் பின்னால் காற்புள்ளி. தமிழில் 'ஆனால்' பெரும்பாலும் புது வாக்கியத்தைத் தொடங்கிவைக்கிற சொல், அதனால் அது சரி. ஆங்கிலத்தில் 'பட்' இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்க நடுவில் வந்து நிற்கிறது, அதனால் கமா அதற்கு முன்னால். முதல் பீரியடில் சரியாக இருந்தது மூன்றாவது பீரியடில் தப்பாகிவிடுகிறது. இதை யாராவது ஒருவர் பிள்ளையிடம் சொல்ல வேண்டாமா? தமிழ் டீச்சரும் இங்கிலீஷ் டீச்சரும் ஒரே ஸ்டாஃப் ரூமில்தான் டீ குடிக்கிறார்கள்.

என் கட்சி இதுதான்: மூச்சை வைத்துக் கமா சொல்லித்தரக் கூடாது. வினைச்சொல்லை வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

நான் பத்திர எழுத்தர் ஆபீஸில் டைப் அடிக்கிறவன். ஒரு கிரையப் பத்திரத்தில் 'விலை பேசி முடித்து தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு சொத்தைச் சுவாதீனத்தில் ஒப்படைத்து' என்று அரைப் பக்கம் ஒரே வாக்கியமாக ஓடும். ஒரு கமா இருக்காது, ஆனாலும் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. முடித்து, கொண்டு, ஒப்படைத்து என்று ஒவ்வொரு சொல்லின் வாலும் 'இன்னும் இருக்கு' என்று சொல்லிவிடுகிறது. வினையெச்சம் என்பது அதுதானே. அங்கே காற்புள்ளி கண்ணுக்கு ஒரு வசதி, அவ்வளவுதான். (பெயர்ப் பட்டியலில் அப்படி இல்லை. ஒருமுறை நான் ஒரு கமாவை விட்டு, அண்ணன் தம்பி இரண்டு பேரை ஒரே ஆளாக்கி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

ஆங்கிலத்து 'வென்ட்'டுக்கு அந்த வால் கிடையாது. அது முற்று. 'வாஸ்'ஸும் முற்று. இரண்டு முற்றை வெறும் கமாவால் ஒட்டவைத்தால் அதற்குக் கமா ஸ்ப்ளைஸ் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஒன்று, முற்றுப்புள்ளி வைக்கணும். இல்லையென்றால் அண்ட், பட், சோ ஏதாவது ஒன்றைப் போட்டு, அதற்கு முன்னால் கமா. அதுவும் இல்லையென்றால் வென், பிகாஸ் போட்டு ஒன்றை எச்சம் மாதிரி ஆக்கிவிடணும். அது முன்னால் வந்தால் நடுவில் கமா உண்டு, பின்னால் போனால் பெரும்பாலும் வேண்டியதில்லை.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கத்தில் மார்தட்டிக்கொள்வோம். அவர் சூத்திரம் போட்டுச் சொன்ன முற்றையும் எச்சத்தையும் பிள்ளைகள் ரெண்டு மார்க் கேள்விக்குப் படிப்பதோடு சரி. பக்கத்துப் பீரியடுக்கு அது உதவும் என்று யாரும் சொல்வதில்லை.

ஓலைச்சுவடியில் ஏது கமா, எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று ஆபீஸில் ஒரு நண்பர் கேட்டார். வாஸ்தவம், ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குக்கூடப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். ஆனால் அதைப் படிக்க ஒரு வாத்தியார் பக்கத்தில் இருந்தார். என் மகள் எழுதுவதை யாரோ தனியாக உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்.

சரி, அன்றைக்கு என்ன செய்தேன் என்றால், பென்சிலைக் கொடுத்து வினைச்சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போடச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: "முடிஞ்சுதா, முடியலையா?"

"வென்ட். முடிஞ்சுது. வாஸ். இதுவும் முடிஞ்சுது."

"ரெண்டுக்கும் நடுவுல யாரு இருக்கா?"

"கமா மட்டும்." கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "அது பாவம்ப்பா, ஒத்தையா என்ன பண்ணும்?"

கமாவுக்குப் பக்கத்தில் 'பட்' வந்தது. அடுத்த வரியில் 'பட்'டுக்குப் பின்னால் இருந்த கமாவை அழித்து முன்னால் வைத்தாள். அப்புறம் நான் சொல்லாமலே முதல் வரியை 'வென்' போட்டு ஒருமுறை மாற்றி எழுதினாள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

மறுநாள் காலை, நான் திருத்தம் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பத்திரத்தின் நகல் பென்சில் கோடாகக் கிடந்தது. ஓரத்தில் அவள் கையெழுத்தில் கணக்கு: எச்சம் பதினாலு, முற்று ஒன்று. கீழே, 'நீங்க மூச்சே விட மாட்டீங்களாப்பா?'