அந்த 40 நொடிக்கு முன்னால்

பாடகி ஒருவர் பாட்டைப் பாதியில் நிறுத்தியதாக வீடியோ சுற்றுகிறதே, நானும் அந்தக் கச்சேரியில் இருந்தேன். எட்டாவது வரிசை, ஓரத்து இருக்கை. அதனால்தான் எழுதுகிறேன், இல்லையென்றால் எனக்கென்ன வந்தது?

'பாடகிக்குத் திமிர்', 'ரசிகரை அசிங்கப்படுத்திவிட்டார்' என்று மூன்று நாளாக அந்த 40 நொடி வீடியோவைப் பகிர்கிறீர்கள். அது அவர் பாட்டை நிறுத்தும் இடத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தியதை யாரும் எடுக்கவில்லை. யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை, அப்படிப் பாடிக்கொண்டிருந்தார்.

சுபபந்துவராளி ஆலாபனை, அதாவது பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது. அழவைக்கிற ராகம். மேடை விளக்கைக் குறைத்திருந்தார்கள். பின்னால் இரண்டு தம்புரா, நிஜத் தம்புரா. கீழ் ஸ்தாயிக்கு இறங்கி, தைவதம் என்ற ஸ்வரத்தில் ஒரு கார்வை, அசையாமல் நீளமாக நிற்கிறார். வில் தந்தியைத் தொடுகிறதா இல்லையா என்றே தெரியாதபடி வயலின்காரர் கூடவே போகிறார். பக்கத்து மாமி விசிறிக்கொண்டிருந்த நோட்டீஸை மடியில் வைத்துவிட்டார். ஏசி சத்தம்கூடக் கேட்டது.

அப்போதுதான் அந்த ரிங்டோன். குத்துப்பாட்டு. சரி, யாருக்கும் நேரலாம். அணைத்திருந்தால் பதிவே கிடையாது. மனிதர் எடுத்துப் பேசினார்! "கச்சேரில இருக்கேன், சொல்லு. சாவியா? செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி பாரு."

பாடகி நிறுத்தினார். "பேசி முடிச்சிடுங்க, நான் காத்திருக்கேன்" என்றார். இதுதான் திமிராம். அவர் திட்டவில்லை, முறைக்கவில்லை. நான் அங்கே இருந்தேன்.

'டிக்கெட் வாங்கியவருக்கு உரிமை இல்லையா?' என்று கேட்கிறீர்கள். நானும்தான் வாங்கினேன். 500 ரூபாய். எனக்கு அந்த தைவதத்தைத் திருப்பிக் கொடுப்பது யார்?

'கோயில் திருவிழா இரைச்சலில் நாதஸ்வரக்காரர் வாசிக்கவில்லையா?' இதை எழுதியவர் கோயிலில் நின்று கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை. மன்னார்குடியில் பங்குனித் திருவிழா 18 நாள். தாத்தா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ராத்திரிப் புறப்பாட்டுக்குப் போவார். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை நேரில் கேட்டவர், லேசில் யாரையும் பாராட்ட மாட்டார். நாதஸ்வரத்தில் தொங்கும் சீவாளிக் கொத்துதான், வாயில் வைத்து ஊதும் அந்தச் சின்னத் துண்டுகள்தான், அந்த வயதில் எனக்கு வேடிக்கை. தவில் ஓய்ந்து, சுருதிக்கு ஊதும் ஒத்து மட்டும் நிற்க, ஆலாபனை தொடங்கினால் பலூன்காரர் பீப்பியைக் கீழே வைத்துவிடுவார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவருக்கு 500 ரூபாய் டிக்கெட்டும் கிடையாது.

'கச்சேரி நடத்தும் சபா என்றாலே மேட்டுக்குடிதானே?' பாதி உண்மை. நாதஸ்வரத்தைத் திறப்பு விழாவில் மங்கள இசை வாசிக்கச் சொல்லிவிட்டு, மாலை மேடையை வேறு யாருக்கோ கொடுக்கிற பழக்கத்தைப் பற்றி நானே இங்கே கத்தியிருக்கிறேன். அதற்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கீரை வடை ஆறிவிடுமே என்று கேன்டீனுக்கு நழுவியவன்தான். ஒரு தடவை மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கூனிக் குறுகிப் போய்விட்டேன். அதற்குப் பிறகு எழுந்ததில்லை. அன்று நான் வீடியோ போட்டு 'மிருதங்கக்காரருக்குத் திமிர்' என்று எழுதியிருக்கலாம், தோன்றவில்லை பாருங்கள்.

2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்ததாம். இசை நகரம்! ஒரு கார்வை முடியும்வரை வாயை மூட முடியவில்லை.

இருபது வருடப் பழக்கமுள்ள நண்பன் ஒருவன் என் முந்தைய பதிவின் கீழே 'உனக்கும் சபா வியாதி தொற்றிடுச்சு' என்று சிரிப்பான் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவன் அப்பா காரியத்தன்று ராத்திரி, மொட்டைமாடியில் நானும் அவனும் பேசாமல் உட்கார்ந்து போனில் சுபபந்துவராளிதான் கேட்டோம். மறந்துவிட்டது போலிருக்கிறது.

அன்று பாடகி ஆலாபனையைத் தொடரவில்லை. ஒரு நிமிடம் கண்ணை மூடிப் பார்த்தார், வரவில்லை. நேரே கீர்த்தனைக்குப் போய்விட்டார். அது உங்கள் வீடியோவில் இல்லை.

கருத்துப் பெட்டி திறந்தேதான் இருக்கிறது. அந்த மனிதரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், சாவி கிடைத்ததா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.