பலகை மாட்டுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

என் சிலையைத் திறந்து வச்ச விழா வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துட்டேன். பெரியவர் பேசும்போது பின்னாடி சால்வையோட அசட்டுச் சிரிப்பு சிரிச்சுக்கிட்டு நிக்கிறது நானேதான். வேற என்ன செய்யறது, மைக் அவர் கையில இருக்கு.

தெரியாதவங்களுக்காக ஒரே ஒரு தடவை. சிலைக்கு நான் வச்ச பேர் ‘சாய்வு’. அழைப்பிதழ்லயும் அதுதான். துணியை விலக்கினா பித்தளைப் பலகையில ‘ஆதிசிவன் ஆடிய அண்டம்’னு இருக்கு. கேட்டா, “சார், மக்களுக்குப் புரியணும்ல” அப்படின்னு விழா நடத்தினவங்க பதில். அதுக்கு மேல பெரியவர் வேற, நம்ம முன்னோர்கள் என்னைக்கோ சொன்னதைத்தான் தம்பி கல்லுல செஞ்சிருக்காருன்னு இருபது நிமிஷம். தம்பி அப்படி எதையும் செய்யலை.

தம்பி செஞ்சது ஊட்டி பக்கம் முத்தோரையில இருக்கிற ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்து. ஊட்டியிலேயே பிறந்து வளர்ந்தவங்கள்லகூட பாதிப் பேர் அதைப் பஸ்ல போகும்போது பார்த்ததோட சரி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவர் ஆட்களும் 1970-ல கட்டி முடிச்சது. ஏன் இந்த மலையைத் தேடி வந்தாங்க? குளிருக்காக இல்லை. அந்தச் சரிவு ஏறக்குறைய 11 டிகிரி, ஊட்டியோட அட்சரேகையும் 11 டிகிரி. வடக்கு தெற்கா அந்தச் சரிவு மேலயே படுக்க வச்சா, தொலைநோக்கியோட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா அமைஞ்சிடும். அப்புறம் பூமி சுத்தச் சுத்த அந்த ஒரே அச்சுல திருப்பிக்கிட்டே இருந்தா போதும், வானத்துல ஒரு புள்ளியை ஒன்பது மணி நேரத்துக்கு மேல விடாம பிடிச்சுக்கலாம். மலையையே கருவியோட ஒரு பாகமா ஆக்கிட்டாங்க. ஒரு சிற்பிக்கு இதைவிட என்ன வேணும்? கல்லு எப்படிக் கிடக்குதோ அதுக்கேத்த மாதிரி வேலையை வைன்னுதான் எனக்கும் சொல்லிக்கொடுத்தாங்க.

என் சிலையில ரெண்டு கருங்கல் தூண், நடுவுல ஸ்டீல் கம்பிகள், அவ்வளவுதான். தூண் நம்ம மலைக் கல்லு. சார்னோகைட்னு சொல்ற இனம், வயசு சுமார் 250 கோடி வருஷம். உளி முனை அரை மணி நேரத்துல மழுங்கிடும். கொல்லன் பட்டறையில காய்ச்சித் தட்டித் தோய்ச்சுக்கிட்டு வந்து மறுபடி ஆரம்பிக்கணும். கம்பியை முறுக்கி ஏத்தும்போது ஒண்ணு கூடுதலா இறுகினா பக்கத்துக் கம்பி தளர்ந்துடும். விரலால சுண்டிச் சுண்டி, சத்தம் கேட்டுத்தான் சரி பண்ணணும். வடக்குத் தூண் உசரம், தெற்குத் தூண் தாழ்வு. கம்பியோட கோட்டுல கண்ணை வச்சுப் பார்த்தா நேரா துருவ நட்சத்திரம் இருக்கிற திசை. இதுல எங்கய்யா ஆட்டம்?

“செர்ன்லயே நடராஜர் வச்சிருக்கான், உனக்கு என்ன வந்துச்சு?” வரும், தெரியும். வச்சிருக்காங்க, ஜெனீவா பக்கம் இருக்கிற அந்த அணுத்துகள் ஆய்வு மையத்துல. 2004-ல இந்திய அரசு அன்பளிப்பாக் கொடுத்தது. நல்ல வேலைப்பாடு. எனக்கு நடராஜர் மேல கோபம்னு எவன் சொன்னான்? மாமல்லபுரத்துல படிச்சப்ப சிலைக்கான அளவு முறை, அந்தத் தாளக் கணக்கு, ஒரு நூல் பிசகாம நடராஜர் செஞ்சவன் நான். தூக்கின பாதம் சரியா அமையலைன்னு ஆசிரியர் மெழுகை உருக்கிட்டு மறுபடி செய்யச் சொன்னப்ப வாயைத் திறக்காம செஞ்சவன். பிரதோஷத்துக்குக் கோயிலுக்கும் போறவன். அதனாலதான் எரியுது. நடராஜரைச் சுத்தியிருக்கிற திருவாசியைப் பார்த்து ‘ராட்டினம் நல்லா இருக்கே’ன்னு ஒருத்தன் பலகை மாட்டினா விடுவீங்களா? என் வேலைக்கு மட்டும் எந்தப் பேரையும் ஒட்டலாமா?

“இயற்பியல்ல உனக்கு என்ன தெரியும், பிளஸ் டூல எத்தனை மார்க்?” இதைக் கேட்டவர் ஒரு பேராசிரியர். மார்க்கைச் சொல்ல மாட்டேன். கம்பி கட்டிச் சிலை செஞ்ச நௌம் காபோ மியூனிக்ல அறிவியலும் பொறியியலும் படிச்சவர். ஜூலியன் வாஸ்-ஆந்த்ரே குவாண்டம் ஆய்வு பண்ணிட்டு வந்து சிலை செய்யறவர். நான் அவங்க இல்லை, சரி. தெரியாததைப் போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். உங்ககிட்ட கேக்கலை, அது வருத்தமா இருந்தா மன்னிச்சுக்குங்க.

ஆனா ‘மக்களுக்குப் புரியணும்’ இருக்கு பாருங்க, அதைத்தான் ஜீரணிக்க முடியலை. எங்க அத்தை பாலாடாவுல கேரட் காட்டுல கூலி வேலை பார்த்தவங்க. பள்ளிக்கூட வாசலை மிதிச்சதில்லை. மேட்டுல தெரியுற அந்தக் கம்பிக் கூண்டு என்னன்னு சின்ன வயசுல கேட்டேன். மண்வெட்டியைக்கூட கீழ வைக்காம சொன்னாங்க: “வானத்துல இருந்து ரேடியோ கேக்குறாங்கடா.” அதைவிடச் சுருக்கமா எந்தப் பலகையில எழுதுவீங்க? அவங்களுக்குப் புரிஞ்சுது. யாருக்குப் புரியாதுன்னு யார் முடிவு பண்றது?

அடுத்த வேலைக்கு ஊட்டியில இருக்கிற, விண்வெளியில இருந்து வர்ற காஸ்மிக் கதிரை ஆராயற ஆய்வகத்தை மனசுல வச்சிருக்கேன். அந்தக் கதிர் மேல காத்துல மோதும்போது பிறந்து மியூவான் துகள் வருதே, அதோட ஆயுள் ஒரு நொடியில பத்து லட்சத்துல ரெண்டு பங்கு சொச்சம். கணக்குப்படி ஒளி வேகத்துல ஓடினாலும் முக்கால் கிலோமீட்டர் தாண்டாது. பதினஞ்சு கிலோமீட்டர் உசரத்துல பிறந்து நம்ம தலை வரைக்கும் வருது, அந்த வேகத்துல அதுக்குக் காலம் மெதுவா ஓடுறதால. 2014 டிசம்பர்ல ஊட்டிக்கு மேல நின்ன ஒரு இடிமேகத்துல 130 கோடி வோல்ட் இருந்ததை அந்த மியூவான்களை வச்சுத்தான் அளந்தாங்க. நான் சிலையை ஆரம்பிக்கவே இல்லை, அதுக்குள்ள ‘இந்திரனின் வஜ்ராயுதம்’னு பலகை அடிச்சு வச்சிருப்பாங்க.

வீடியோவுல வராத ஒண்ணைச் சொல்லிடறேன். கூட்டத்துல ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற ஒரு பொண்ணு, “இது ஏன் சாஞ்சிருக்கு?”ன்னு கேட்டுச்சு. அத்தனை பேர்ல அது ஒண்ணுதான் கேட்டது. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள டீச்சர், “ஷ்ஷ், சாமி விஷயம், அப்படியெல்லாம் கேக்கக் கூடாது”ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. மாசக்கணக்கா கல்லைக் கொத்தினது அந்த ஒரு கேள்விக்காக. பலகை என்ன பண்ணுச்சுன்னு இப்பவாவது புரியுதா?

அந்தப் பொண்ணு வீட்டுல யாராவது இதைப் படிச்சா, கோத்தகிரி பட்டறைக்குக் கூட்டிட்டு வாங்க, ஞாயித்துக்கிழமை இருப்பேன். டீச்சரும் வரலாம். பலகைக்காரங்க மட்டும் வர வேண்டாம், பாக்கிப் பணத்தை பேங்க்ல போட்டா போதும்.