மெயிலர் டீமன் என்னும் பொறுப்பான அலுவலர்

மன்னார்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், அதில் ஒன்று ஓடும். கடைக்காரர் செல்வி. வந்திருப்பவர் சண்முகம், தாலுகா ஆபீஸில் உதவியாளராக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. ஆனால் அந்த ஓய்வு ஆணை அவர் உடம்புக்கு மட்டும்தான் வழங்கப்பட்டிருக்கிறது.

செல்வி: வாங்க சார். ஆதாரா, பட்டாவா?

சண்முகம்: இரண்டும் இல்லை. தபால் விவகாரம். கோயம்புத்தூரிலிருந்து பையன் எனக்கு ரயில் டிக்கெட்டை மெயிலில் அனுப்புகிறான். போன வேகத்தில் அவனுக்கே திரும்பி வருகிறதாம்.

செல்வி: வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாமே?

சண்முகம்: பூ படம் வருகிற இடத்தில் அலுவல் கடிதம் வரக்கூடாது.

செல்வி: சரி, உட்காருங்க. ஜிமெயில் பக்கம் திறந்துவிட்டேன். பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள், நான் திரும்பிக்கொள்கிறேன்.

(டைரியைப் பிரித்து, பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்துக்கொண்டே அடிக்கிறார். ஜெராக்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பேருக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது.)

செல்வி: சார், முதலில் இதை மாற்ற வேண்டும். அப்புறம், மேலே சிவப்பில் எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா? உங்கள் பெட்டி நிறைந்துவிட்டது. 15 ஜிபி தருகிறார்கள், 15ம் தீர்ந்துவிட்டது. அதனால் புதிதாக எது வந்தாலும் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

சண்முகம்: எனக்கு யார் இவ்வளவு எழுதினார்கள்? சொந்த மைத்துனனே எழுதுவதில்லை.

செல்வி: அந்த 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் இல்லை சார். போனில் எடுக்கிற போட்டோ, டிரைவில் இருக்கிற பைல், வாட்ஸ்அப் பேக்கப், எல்லாம் அதே கணக்கில்தான் விழும். இதோ பாருங்கள், வாட்ஸ்அப் மட்டும் 9 ஜிபி. வீடியோவோடு சேர்த்துப் பேக்கப் ஆகியிருக்கிறது.

சண்முகம்: அதாவது, தாமரைப் பூவும் காலை வணக்கமும் ரெக்கார்ட் ரூமை அடைத்துக்கொண்டதால் அலுவல் தபால் வாசலோடு திரும்புகிறது.

செல்வி: அதேதான். உங்கள் போனில் வீடியோவுக்கு மட்டும் பேக்கப்பை நிறுத்திவிடுகிறேன், கொடுங்கள். இப்போது மெயிலுக்கு வருவோம். பழையதை டெலீட் செய்யலாமா?

சண்முகம்: யாருடைய உத்தரவில்?

செல்வி: உங்கள் உத்தரவில்தான் சார். உங்கள் மெயில்.

சண்முகம்: பாப்பா, அரசாங்கத்தில் ஒரு தாளைக் கிழிக்க வேண்டுமென்றால் அதற்கு வகைப்பாடு இருக்கிறது. எல்.டிஸ். என்றால் ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். கே.டிஸ். மூன்று. டி.டிஸ். பத்து. ஆர்.டிஸ். நிரந்தரம். கோப்பை முடிக்கிறபோதே தலையில் எழுதிவிடுவோம். நீ என்னடாவென்றால் குப்பைக் கூடை படத்தைக் காட்டுகிறாய்.

செல்வி: அந்தக் கூடையில் போட்டாலும் உடனே அழியாது சார். 30 நாள் இருக்கும், அதுவரை திரும்ப எடுக்கலாம்.

சண்முகம்: மேல்முறையீட்டுக்கு 30 நாள். நியாயம்தான். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?

செல்வி: ஆனால் கூடையில் இருக்கிறவரை இடத்தையும் அடைத்துக்கொண்டுதான் இருக்கும். இன்றைக்கே டிக்கெட் வர வேண்டுமென்றால் கூடையையும் காலி செய்ய வேண்டும்.

சண்முகம்: மேல்முறையீடு இல்லாமல் நேரடி அமலாக்கம். ம்... சரி. அதோ, பக்கத்தில் ஒரு பெட்டியில் கீழ் நோக்கி அம்பு போட்டிருக்கிறதே, அது என்ன?

செல்வி: ஆர்க்கைவ். இன்பாக்ஸிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடும். கண்ணில் படாது, தேடினால் கிடைக்கும்.

சண்முகம்: ரெக்கார்ட் ரூம்! எல்லாவற்றையும் அங்கே அனுப்பு.

செல்வி: அனுப்பினாலும் ஒரு எம்பி கூடக் குறையாது சார். மேஜைதான் சுத்தமாகும்.

சண்முகம்: மேஜை சுத்தமானால் போதும் என்றுதான் எங்கள் ஆபீஸும் நடந்தது.

(இந்த இடத்தில் செல்வி அவருடைய 'சென்ட்' பகுதியைத் திறக்கிறார். திறந்திருக்க வேண்டாம்.)

செல்வி: சார், இது என்ன? ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்குப் பதில் போட்டிருக்கிறீர்களா?

சண்முகம்: ஒப்புகை தராமல் இருக்கலாமா? படி.

செல்வி: "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் அறிவித்துள்ள 50 சதவீதத் தள்ளுபடி எந்த ஆணையின்படி வழங்கப்படுகிறது என்ற விவரத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." சார்! அந்த முகவரியிலேயே 'நோரிப்ளை' என்று போட்டிருக்கிறதே!

சண்முகம்: இனிஷியல் என்று நினைத்தேன்.

செல்வி: எல்லா விளம்பரத்துக்கும் இப்படியா?

சண்முகம்: வந்த எல்லாவற்றுக்கும். யாரும் பதில் போடுவதில்லை, ஒருவரைத் தவிர. அவர் ஒருவர்தான் பொறுப்பான அலுவலர். எந்த நேரத்தில் எழுதினாலும் ஒரு நிமிஷத்தில் பதில். பெயர் மெயிலர் டீமன்.

செல்வி: சார்... அது...

சண்முகம்: வெள்ளைக்காரராக இருக்க வேண்டும். ஆனால் வேலையில் என்ன சுத்தம்! கடிதம் ஏன் சேரவில்லை என்று காரணம் காட்டி, என் கடிதத்தின் நகலையும் கீழே இணைத்து அனுப்புகிறார். இந்தக் காலத்தில் எந்த அதிகாரி காரணம் காட்டுகிறார்?

செல்வி: அது ஆள் இல்லை சார். கடிதம் போய்ச் சேராவிட்டால் மெயில் இயந்திரம் தானாக அனுப்புகிற தகவல்.

சண்முகம்: (சற்று நேரம் பேசாமல் இருந்து) இயந்திரமா? பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினேன்.

செல்வி: அதற்கு என்ன வந்தது?

சண்முகம்: வாழ்த்து சேரவில்லை என்று வந்தது. காரணத்தோடு.

(செல்வி ஜெராக்ஸ் இயந்திரத்தைத் திறந்து பேப்பர் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். சிக்கவில்லை. சிரித்து முடிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.)

செல்வி: சரி சார். ஒரு வித்தை காட்டுகிறேன். மேலே தேடுகிற கட்டத்தில் 'லார்ஜர்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் '10எம்' போடுங்கள். பத்து எம்பிக்கு மேல் இருக்கிற மெயில் மட்டும் வரிசையாக வரும்.

சண்முகம்: வந்துவிட்டது! எல்லாம் நம் ஓய்வூதியர் சங்கச் செயலாளர் அனுப்பியவை.

செல்வி: ஆண்டுவிழாப் போட்டோ. ஒவ்வொரு மெயிலும் 24 எம்பி. 25க்கு மேல் இணைக்க விடமாட்டார்கள் என்று தெரிந்து கச்சிதமாக அனுப்பியிருக்கிறார்.

சண்முகம்: முன்னாள் சர்வேயர். எல்லைக்கல்லைத் தாண்ட மாட்டார். அத்தனை போட்டோவிலும் அவர்தான் இருக்கிறார். எல்.டிஸ். ஒரு வருஷம் ஆகிவிட்டது, அழி.

செல்வி: மேலே இருக்கிற சின்னக் கட்டத்தைத் தொட்டால் இந்தப் பக்கத்தில் இருக்கிற 50 மட்டும்தான் தேர்வாகும். அதற்குக் கீழே ஒரு வரி வருகிறதே, அதையும் தொட்டால்தான் மொத்தமும். நிறையப் பேர் அதைப் பார்க்காமல் ஐம்பது ஐம்பதாக அழித்துக்கொண்டிருப்பார்கள்.

சண்முகம்: இவ்வளவு இடைஞ்சலுக்கு ஆரம்பத்திலேயே அளவாக வைத்திருக்கலாமே?

செல்வி: ஆரம்பத்தில் அழிக்கவே வேண்டாம் என்றுதான் சொன்னார்கள் சார். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தபோது 1 ஜிபி கொடுத்தார்கள். அப்போது ஹாட்மெயிலில் இலவசமாகக் கிடைத்தது 2 எம்பி. ஏப்ரல் 1 என்பதால் நிறையப் பேர் ஏமாற்று வேலை என்றே நினைத்தார்களாம்.

சண்முகம்: ஏப்ரல் 1 நிதியாண்டின் முதல் நாள். அன்றைக்குப் புதிய திட்டம் தொடங்காமல் வேறு என்றைக்குத் தொடங்குவார்கள்? சரி, இப்போது இடம் இல்லையென்றால்?

செல்வி: மாதச் சந்தா கட்டினால் கூடுதல் இடம்.

சண்முகம்: முதலில் எதையும் அழிக்காதே என்று பழக்கிவிட்டு, அப்புறம் அலமாரிக்கு வாடகை. நம் ஆபீஸில் இவ்வளவு மூளை யாருக்கும் இருந்ததில்லை.

செல்வி: இந்த 'ஸ்பேம்' பகுதியையும் பார்த்துவிடலாம். சந்தேகமான மெயில் எல்லாம் இங்கே விழும். அதுவும் 30 நாளில் தானாகப் போய்விடும். ஆனால் சில சமயம் நல்ல கடிதமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அட, சார், இந்த ஆளோடு நீங்கள் கடிதப் போக்குவரத்து நடத்தியிருக்கிறீர்களே! 85 லட்சம் டாலர்!

சண்முகம்: ஆமாம். வெளிநாட்டில் என் பெயருள்ள ஒருவர் விமான விபத்தில் இறந்துவிட்டாராம். பணத்துக்கு வாரிசு இல்லையாம். அவருடைய வக்கீல் எழுதினார்.

செல்வி: ஐயோ, பணம் எதுவும் அனுப்பிவிட்டீர்களா?

சண்முகம்: அவசரப்படாதே. ஒரு மனு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஆவணம் கேட்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூன்று படிகளில், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் மேலொப்பத்துடன் அனுப்பச் சொன்னேன்.

செல்வி: அனுப்பினாரா?

சண்முகம்: ஒரு சான்று அனுப்பினார். முத்திரை சாய்வாக இருந்தது. திருப்பி அனுப்பினேன். நேராக வைத்து அனுப்பினார். தேதிக்கும் கையெழுத்துக்கும் மை வேறாக இருந்தது. மறுபடி திருப்பினேன். அப்புறம் கட்டணம் 40,000 ரூபாய் கட்டச் சொன்னார். எந்தக் கணக்குத் தலைப்பில் செலுத்த வேண்டும், செலுத்துச் சீட்டின் மாதிரியை அனுப்பவும் என்றேன்.

செல்வி: அப்புறம்?

சண்முகம்: கடைசிக் கடிதத்தைப் படி.

செல்வி: "இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்." சார், மோசடி ஆள் உங்களைப் பார்த்து இப்படி எழுதியிருக்கிறான்!

சண்முகம்: அதன் பிறகும் மூன்று நினைவூட்டு போட்டேன். பதில் இல்லை. மனுதாரர் ஆர்வம் காட்டாததால் கோப்பு முடிக்கப்பட்டது.

செல்வி: இதற்கெல்லாம் 1930 என்று சைபர் குற்றத்துக்கு உதவி எண் இருக்கிறது சார். உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

சண்முகம்: யார், நானா?

செல்வி: நியாயமாகப் பார்த்தால் அவன்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

சண்முகம்: இன்னொன்று. சங்கப் பொருளாளர் கணக்கு ஒப்படைக்கவில்லை என்று செயலாளருக்கு மட்டும் ரகசியமாக எழுதினேன். மறுநாள் 60 பேர் போன் செய்துவிட்டார்கள். பொருளாளரும்தான்.

செல்வி: 'ரிப்ளை ஆல்' அழுத்தியிருக்கிறீர்கள். நகல் வரிசையில் இருந்த எல்லோருக்கும் போய்விட்டது. அனுப்பிய உடனே கீழே 'அன்டூ' என்று வரும், அதைத் தொட்டால் நிறுத்திவிடலாம். அமைப்பில் மாற்றி வைத்தால் 30 விநாடி வரை அவகாசம் கிடைக்கும்.

சண்முகம்: வெறும் 30 விநாடியா? எங்கள் ஆபீஸில் தபால் அனுப்புகிறவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சாயங்காலம் வரை அவகாசம். அது என்ன, 'பிசிசி'?

செல்வி: அதில் யார் பெயரைப் போட்டாலும் அவருக்கும் நகல் போகும். ஆனால் போனது மற்றவர்களுக்குத் தெரியாது.

சண்முகம்: அதுவும் எங்களிடம் இருந்தது. அதே டீக்கடைதான்.

(செல்வியின் போன் மேஜையில் ஒளிர்கிறது. சண்முகத்தின் கண், முப்பது வருஷப் பழக்கத்தில், எண்ணுக்குத்தான் முதலில் போகிறது.)

சண்முகம்: அந்த மெயில் படத்தின் மேல் என்ன எண்? 18,742?

செல்வி: அது... படிக்காத மெயில் சார்.

சண்முகம்: நிலுவை என்று சொல்! 18,742 நிலுவை! வந்த தபாலுக்குத் தன்பதிவேடு யார் எழுதுகிறார்கள்? ஜமாபந்தி, அதாவது வருஷக் கணக்குத் தணிக்கை, இருந்தால் நீ இன்றைக்குத் தற்காலிகப் பணிநீக்கம்.

செல்வி: எல்லாம் விளம்பரம் சார். யார் படிப்பது?

சண்முகம்: படிக்காமலே விளம்பரம் என்று எப்படித் தெரியும்? உள்ளே கரண்ட் பில் இருக்கும், ஏதாவது நோட்டீஸ் இருக்கும். எனக்கு மேஜை சுத்தம் செய்யக் கற்றுக்கொடுக்க வந்துவிட்டாய்! விளம்பரமென்றால் முதலில் அது வருவதை நிறுத்து. அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' என்று இருக்கிறதே, அது எதற்கு?

செல்வி: சார், அது உங்களுக்குத் தெரியுமா?

சண்முகம்: தெரியும். அவர்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று தொடவில்லை.

செல்வி: சரி, கூடையைக் காலி செய்துவிட்டேன். வாட்ஸ்அப் பழைய பேக்கப்பும் போய்விட்டது. 15இல் இப்போது 4 ஜிபிதான். பையனை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

(போன் பேச்சு. முழுவதும் அலுவல் தமிழில். மகன் அதற்குப் பழகியவர் போலிருக்கிறது, இரண்டு நிமிஷத்தில் மெயில் வந்துவிட்டது.)

சண்முகம்: வந்தது! இணைப்பு இருக்கிறதா? பிரி. செம்மொழி எக்ஸ்பிரஸ்தானே?

செல்வி: செம்மொழிதான் சார். தேதி சரி, பெயர் சரி. ஆனால்...

சண்முகம்: என்ன ஆனால்?

செல்வி: டபிள்யூ.எல். 14. காத்திருப்போர் பட்டியல். பெட்டியில் இடம் இல்லை, யாராவது ரத்து செய்தால்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

சண்முகம்: அங்கேயும் நிறைந்துவிட்டதா?

செல்வி: ஆமாம் சார்.

சண்முகம்: லார்ஜர் போட்டுத் தேடிப் பார்க்கச் சொல். ஆள் பெரிதாக ஏழெட்டுப் பேரை எடுத்தாலே போதும்.