பிள்ளையள் சிரிச்சது உங்களுக்கு ஏன் குத்துது?

பொறுத்துப் பொறுத்துப் பாத்திட்டன், இனி எழுதாமல் இருக்கேலாது. சனிக்கிழமை எங்கட வாசிகசாலையில பிள்ளையளுக்குப் போட்ட படத்தைப் பற்றி வந்த கொமென்ட் எல்லாம் நீங்களும் வாசிச்சிருப்பியள். "உருப்படியா ஒரு படம் கிடைக்கேல்லையோ", "குள்ளன் படம் காட்டிப் பிள்ளையளைக் கெடுக்கிறாங்கள்", "வன்னிப் பிள்ளையளுக்கு இதுவோ இப்ப தேவை". உதுகளை எழுதின ஆக்களில ஒராள்கூட அண்டைக்கு மண்டபத்துக்குள்ள இருக்கேல்ல. அதை முதல்ல சொல்லிப்போட்டுத்தான் மிச்சம் கதைப்பன்.

படம் 'தி பொரோவர்ஸ்', 1997இல வந்த பிரிட்டிஷ் படம். ஒரு வீட்டின்ர பலகை நிலத்துக்குக் கீழ நாலு அங்குல உயரத்தில ஒரு குடும்பம், தாய் தேப்பன், ஒரு பெட்டை, ஒரு பெடியன். மேல இருக்கிற ஆக்கள் தேடமாட்டினம் எண்டுற சின்னச் சின்னச் சாமானை எடுத்துச் சீவிக்கிறவை. உயில் இல்லையெண்டு பொய் சொல்லிப்போட்டு அந்த வீட்டை இடிக்க வாறான் ஒரு லோயர், ஜோன் குட்மன் நடிச்சது. அவ்வளவுதான். ஒண்டரை மணித்தியாலம் ஓட்டமும் கலைப்பும் விழுகையும் சிரிப்பும். வேற ஒண்டும் தாறன் எண்டு அந்தப் படம் சொல்லேல்ல. சிரிக்க வைக்க எடுத்த படம் பிள்ளையளைச் சிரிக்க வச்சதோ, அதைக் கேளுங்கோ. வச்சது, நான் என்ர கண்ணால பாத்தனான்.

அந்தப் பெடியன் வெறும் பால் போத்தலுக்குள்ள மாட்டுப்பட்டு, போத்தல் பால் ஃபக்டரிக்குப் போய், வரிசையா ஒவ்வொரு போத்தலா மெசின் நிரப்பிக்கொண்டு வருது. இங்கிலீஷ் விளங்காதெண்டு மைக்கில தமிழில சொல்லிக்கொண்டு நிண்ட தங்கச்சி அந்த இடத்தில நிப்பாட்டிப்போட்டா, ஏனெண்டால் பிள்ளையள் கத்தின கத்தில மைக்கும் கேக்கேல்ல, சொல்லவும் தேவையில்ல, எல்லாருக்கும் விளங்கீட்டுது. முன்னுக்குப் பாயில இருந்த ஒரு சின்னப் பெடியன் எழும்பி ஒரு செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், அந்த லோயர் திரும்பத் திரையில வரட்டும் எறிவம் எண்டு. அவன்ர அம்மம்மா கையைப் பிடிச்சு இழுக்கிறா, இழுத்துக்கொண்டே அவவும் சிரிக்கிறா. அந்த மனுசி வாய்விட்டுச் சிரிச்சு நான் கண்டதே இல்லை. இதைத்தான் நீங்கள் நேரத்தை வீணடிச்ச வேலை எண்டு எழுதியிருக்கிறியள்.

லொஜிக் இல்லையாம். நாலு அங்குல மனுசன் எப்பிடி உயிரோட இருப்பான் எண்டு ஒருத்தர் பந்தி பந்தியா எழுதியிருக்கிறார். ஐயா, பெருவிரலளவு வாலகில்லிய முனிவர் அறுபதினாயிரம் பேர் சூரியன்ர தேரோட போகினம் எண்டு கோயிலில புராணப் படிப்பில கேட்டுத் தலையாட்டின சனம் நாங்கள். வாமனர் மூண்டு அடியில உலகத்தை அளந்தவர். அதெல்லாம் சரியெண்டால் இதில மட்டும் என்ன பிழை? பழைய படமாம், கிராபிக்ஸ் காணாதாம். பாத்த பிள்ளையள் ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்ல.

தமிழ்ப் படம் போட்டிருக்கலாமே எண்டதுக்கு, நல்லதொண்டு கொண்டுவாங்கோ, போடுவம். கதை முடிஞ்சுது.

ஆனா ஒரு கொமென்டைத் தாங்கேலாமல் இருக்கு. களவெடுக்கப் பழக்கிற படமாம். உதை எழுதினவர் எந்தக் காலத்தில எங்க இருந்தவரெண்டு நான் கேக்கேல்ல. 2009 தையில, கடைசிச் சண்டை நேரம், விசுவமடுவில சனம் விட்டிட்டுப் போன ஒரு வளவுக்குள்ள எங்கட அம்மா கிணத்து வாளியைக் கயித்தோட அவிட்டு எடுத்தவ. வீட்டுக்காரர் ஆரெண்டும் தெரியாது. அதுக்குப் பிறகு நாங்கள் தண்ணி அள்ளினது, அரிசி கழுவினது, தங்கச்சி முழுகினது எல்லாம் அந்த வாளியில. எங்கட வீட்டுக் கதவையும் ஆரோ கழட்டிப் பங்கருக்கு மேல போட்டிருப்பினம், போடட்டும். பிறகு மெனிக் பாம் அகதி முகாமில மீன் ரின்னில தேத்தண்ணி குடிச்சம், மாச் சாக்கைத் தைச்சு மறைப்புக் கட்டினம். ஒரு சின்னச் சாமானை எடுத்து வேற ஒண்டாப் பாவிக்கிறது எங்கட சனத்துக்குப் புதுசில்லை. அந்தக் குடும்பம் அப்பிடிச் செய்யிறதைப் பாத்து எங்கட தாய்மார் சிரிச்சது அதாலதான். களவாம்!

கதையை எழுதின மேரி நோர்ட்டனுக்குச் சின்ன வயசில தூரத்தில இருக்கிறது தெரியாது, அதால வேலியடி புல்லடியைக் கிட்டக் குனிஞ்சு பாத்துப் பாத்துத்தான் இந்தச் சின்ன ஆக்களை நினைச்சவ. புத்தகம் வந்தது 1952இல. இரண்டாம் உலகப்போர் நெருங்கின காலத்தில உண்மையான மனுசரே அந்தச் சின்ன ஆக்களைப் போலப் பயந்து பயந்து சீவிக்க வேண்டி வந்ததைக் கண்டுதான் அந்த நினைப்புத் திரும்ப வந்ததெண்டும் அவ பிறகு எழுதியிருக்கிறா. "பாத்தியளே, இதுவும் சீரியசான கதைதான்" எண்டு சொல்லி நான் உங்கட வாயை அடைக்கலாம். அடைக்கமாட்டன். அது ஒண்டும் இல்லாட்டிலும் அந்தப் படத்தைப் போடலாம். பிள்ளையள் சிரிக்கிறதுக்கு ஒரு போரைக் காரணங்காட்டி அனுமதி எடுக்கோணுமோ?

எனக்கு நோகிறது இதுதான். வன்னியெண்டால் உங்களுக்கு அழுற முகம் மட்டும்தான் வேணும். கமராவோட வாற ஆக்களும் அம்மம்மாமாரைத்தான் தேடி வருகினம், அவை அழும்வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கினம், அழுதாப்பிறகு போயிடுவினம். அண்டைக்குப் பாயில இருந்த பிள்ளையள் ஒருத்தரும் 2009இல பிறக்கவே இல்லை. அதுகளுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினையாதேங்கோ, வருசா வருசம் மே மாசம் போரில செத்த சனத்தை நினைச்சுக் குடுக்கிற முள்ளிவாய்க்கால் கஞ்சியைச் சிரட்டையில வாங்கிக் குடிக்கிற பிள்ளையள்தான், வீட்டுச் சுவரில மாலை போட்ட படத்தைப் பாத்து வளருற பிள்ளையள்தான். நாங்கள் மறக்கடிக்கிறம் எண்டு எழுதினியளே, மறக்கிறதுக்கு இந்த ஊரில எங்க இடமிருக்கு? ஒரு பின்னேரம், ஒரே ஒரு பின்னேரம், ஒரு குண்டு மனுசன் சறுக்கி விழுறதைப் பாத்துச் சிரிச்சுதுகள். அதுக்கும் நீங்கள் இருந்த இடத்தில இருந்து மார்க் போடுறியள்.

நிர்வாகத்தில சில பேர் பயந்துபோய், அடுத்த முறை அறிவூட்டுற படம் ஏதும் போடுவமோ எண்டு கேட்டவை. நான் ஓமெண்டு சொல்லேல்ல. வாற சனிக்கிழமையும் சின்ன மனுசர் படம்தான், இதே மேரி நோர்ட்டன்ர கதையை ஜப்பானில ஸ்டூடியோ ஜிப்லி 2010இல கீறிச் செய்தது. தங்கச்சி இப்பவே தமிழில எழுதி வச்சிட்டா. பின்னேரம் ஆறரைக்குத் தொடங்கும், பாய் கொண்டு வாங்கோ, கொமென்ட் எழுதின ஆக்களும் வாங்கோ.