குழந்தையை அப்புறம் பார்க்கலாம்

அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். சுகப்பிரசவம், ஆண் குழந்தை என்றதும் வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் குழந்தையைச் சூழ்ந்துகொண்டோம், நானும்தான். அக்காவிடம் ஆயா மட்டும் இருந்தார். "கண்ணை இருட்டுது ஆயா" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். "கெட்ட ரத்தம் போகட்டும் சாமி, பேசாம படு" என்று ஆயா தலையைத் தடவியிருக்கிறார்.

நான் உள்ளே போனபோது அக்காவின் உதடு வெளுத்திருந்தது. போர்வையைத் தூக்கினேன். பாவாடை, விரித்த துணி, மெத்தை எல்லாம் ஊறி, கட்டிலின் கால் வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கத்தினேன். நர்ஸம்மா ஓடி வந்து அடிவயிற்றில் கை வைத்தார். கல் மாதிரி இறுகியிருக்க வேண்டிய கர்ப்பப்பை தொளதொளவென்று கிடந்தது. அமுக்கித் தேய்த்தபடியே ஊசி, டிரிப் போட்டு, அரூரிலிருந்து 108 ஆம்புலன்ஸில் தர்மபுரிக்கு ஏற்றினார்கள். நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகுதான் அக்கா பிழைத்தாள்.

ஆயா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் 'கெட்ட ரத்தம்' என்ற பேச்சை நாம் விட்டாக வேண்டும். போவது நல்ல ரத்தம்தான். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை, கர்ப்பப்பை சுருங்கித்தான் இறுக்கி மூட வேண்டும். சுருங்காவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அரை லிட்டர் இழப்பே தாங்காது.

இன்னொன்று, கண்ணால் பார்த்து ரத்தத்தை அளக்க முடியாது. துணியும் மெத்தையும் குடித்தது போக மிச்சம்தான் நம் கண்ணில் படும். தாய்க்கு அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பை விரித்து, எவ்வளவு போகிறது என்று பார்த்து, அளவு மீறியதும் அடிவயிற்றில் தேய்ப்பு, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், சலைன் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கும் முறையை நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் செய்து பார்த்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் ஆபத்தும் 60 சதவீதம் குறைந்ததாக 2023-இல் முடிவு வந்தது. இதில் பெரிய மெஷின் எதுவும் இல்லை. நம் மாவட்டத்தில் பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அந்தப் பை இருக்க வேண்டும், ஆக்ஸிடோசின் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த மருந்தை நம்பி ஒரு உயிரை ஒப்படைக்க முடியாது.

வீட்டு ஆட்களுக்கும் வேலை இருக்கிறது. முதல் இரண்டு மணி நேரம் ஒருவர் தாயைவிட்டு நகரவே கூடாது. பேடு சீக்கிரம் நனைந்தாலோ, தலை சுற்றுது, படபடக்குது என்று அவள் சொன்னாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். திட்டினால் திட்டட்டும்.

சித்தேரி மலையில் இருக்கும் என் நாத்தனாருக்கு அடுத்த மாதம் தேதி. பத்து நாள் முன்னாடியே அரூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.