போட்டோ எங்கே?

பின்னணிப் பாடகர் பி.பி.ஸ்ரீநிவாஸை ஒருமுறை நேரில் பார்த்ததைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய பதிவின் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஒருவர் ‘போட்டோ எங்கே?’ என்று கேட்டார். அதற்கு நாற்பத்தேழு பேர் சிரிப்புக் குறி போட்டார்கள். உட்கார்ந்து எண்ணினாயா என்றால், ஆம், எண்ணினேன்.

நான் எழுதியதுதான் என்ன? 1993-இல் ஒரு மாலை, சென்னை கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலில் பி.பி.ஸ்ரீநிவாஸ் எங்களுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். அவருடைய பேனா ஒன்று உருண்டு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். தலையசைத்து வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். என் தோளில் கைபோட்டு ஆசீர்வதித்தார் என்று எழுதினேனா? பக்கத்தில் உட்கார வைத்து எனக்காக ஒரு பல்லவி பாடினார் என்று எழுதினேனா? பொய் சொல்வதென்று இறங்கினால் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லத் தெரியாதா எனக்கு?

அந்தக் காலத்தில் டிரைவ்-இன் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர் அங்கே அன்றாடம் வந்து உட்காருபவர். தலையில் தொப்பி, கையில் கோப்புகள், சட்டைப் பையில் கலர் கலராகப் பேனாக்கள். எட்டு மொழிகளில் கவிதை எழுதியவர். அவரை அங்கே பார்த்தேன் என்பது மெரினாவில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தேன் என்பதைப் போன்றது. அதற்குமா அத்தாட்சி?

நான் பார்த்ததை இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், வேண்டுமானால் இதற்கும் சிரித்துக்கொள்ளுங்கள். பேனாக்களின் கனத்தில் சட்டைப் பை ஒரு பக்கமாகத் தொங்கியது. ஒரு பேனாவை எடுப்பார், இரண்டு வரி எழுதுவார், மூடி வைப்பார், வேறு நிறத்தை எடுப்பார். காப்பி ஆறி மேலே ஆடை படிந்துவிட்டது. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. கீழே விழுந்தது பச்சை மசிப் பேனா. மேசைக்கடியில் குனிந்தபோது முதலில் என் கைக்கு அகப்பட்டது யாரோ போட்டிருந்த வெற்றிலைக் காம்பு. இதைக் கற்பனை செய்து எழுதி எனக்கு என்ன கிடைக்கப் போகிறது?

போட்டோ இல்லை. இருக்கவும் வழியில்லை. அப்போது ஒரு பிலிம் சுருளில் முப்பத்தாறு படம். அதைக் கழுவிப் பிரதி போட வேறு காசு. அக்கா கல்யாணத்தில் மிச்சமான நான்கு படங்களை ஆறு மாதம் பத்திரமாக வைத்திருந்து திருத்தணிக் கோயில் வாசலில் எடுத்து முடித்த குடும்பம் எங்களுடையது. காப்பி குடிக்கப் போகிறவன் கழுத்தில் கேமராவா மாட்டிக்கொண்டு போவான்?

பாடலாசிரியர் வாலி ஒரு கதை சொல்வார், கேட்டிருப்பீர்கள். சினிமாவில் வாய்ப்பே அமையாமல், சென்னை வேண்டாம், ஊருக்கே போய்விடலாம் என்று இருந்த நேரம். அப்போது பி.பி.ஸ்ரீநிவாஸ் வருகிறார். புதிதாக என்ன பாடினீர்கள் என்று வாலி கேட்க, அவர் ‘மயக்கமா கலக்கமா’வைப் பாடிக் காட்டுகிறார். 1962-இல் வந்த ‘சுமைதாங்கி’ படத்துப் பாட்டு, கண்ணதாசன் எழுதியது. அதைக் கேட்ட வாலி ஊருக்குப் போகும் எண்ணத்தையே கைவிட்டார். மேடை மேடையாக இதைச் சொன்னார், நாம் கை தட்டினோம். யாராவது எழுந்து போட்டோ எங்கே என்று கேட்டோமா?

‘அவர் வாலி, நீ யார்?’ என்று அடுத்து ஒருவர் வருவார் என்று தெரியும். நான் யாரும் இல்லைதான். யாரும் இல்லாதவன் கண்ணுக்கும் பேனா தெரியும்.

என் தாத்தா நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைச் சாமி வீதியுலாவில் கேட்டவர். சாமி நகரவேயில்லை, நாங்களும் நகரவில்லை என்பார். அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம்தான் ஓடும். திருப்பிப் போட்டால் இன்னொரு மூன்று நிமிடம். மணிக்கணக்கில் வாசிக்கிறவரின் தோடி அதில் எவ்வளவு அடங்கும்? மிச்சமெல்லாம் தாத்தாவைப் போன்ற கிழவர்களின் காதில்தான் இருந்தது. பிள்ளை மறைந்தது 1956-இல். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் தாத்தா இருந்தார். கூடத்தில் சாய்ந்தபடி விரலால் காற்றில் அந்தத் தோடியின் காந்தார ஸ்வரத்தை அசைத்துக் காட்டுவார். நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறைந்தவர்களைப் பற்றி எவ்வளவோ கட்டுக்கதைகள் உலவுகின்றன, சந்தேகப்படுவது தவறா என்று ஒரு சகோதரி மரியாதையாகக் கேட்டிருந்தார். தவறில்லை அம்மா. நியாயமான கேள்வி.

மரியாதை இல்லாமல் வந்த இன்னொன்றுக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் பதிவில், டிரைவ்-இன் மூடியதும் பூங்கா வந்ததும் ஒரே வருஷம் என்று எழுதிவிட்டேன். தப்புதான். மூடியது 2008, அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தது 2010. திருத்தியவருக்கு நன்றி. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ‘வருஷமே தெரியவில்லை, பேனா மட்டும் தெரிகிறதா?’ என்று ஒருவர் கேட்கிறார். ஐயா, ஆமாம். பேனா மட்டும்தான் தெரிகிறது. உங்கள் தகப்பனாரின் ரேஷன் அட்டை எண் நினைவிருக்கிறதா, அவர் தும்மும் சத்தம் நினைவிருக்கிறதா? நீங்களே சொல்லுங்கள்.

பிரபலத்தின் நிழலில் குளிர்காய்கிறேன் என்றும் ஒரு குற்றச்சாட்டு. சரி, என்னிடம் போட்டோவும் ஒன்று இருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன் விமான நிலையத்தில், ஓர் இசையமைப்பாளருடன். பெயர் வேண்டாம். முந்நூற்றுச் சொச்சம் லைக் வாங்கிய படம். அன்று அவர் குரல் எப்படியிருந்தது, என்னைப் பார்த்தாரா இல்லையா, எதுவுமே எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் போன் திரையில் என் கண் மூடியிருக்கிறதா என்பதைத்தான். படம் விழுந்ததும் ‘தேங்க்யூ சார்’ என்று யாருடைய முதுகுக்கோ சொன்னேன். அந்தப் படத்தை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பொய்.

பி.பி.ஸ்ரீநிவாஸ் 2013-இல் தமிழ்ப் புத்தாண்டு அன்று போனார். அன்றைக்கு எனக்கு எழுதத் தோன்றவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள், ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்ததைப் போய் எழுதுவதா என்று கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு எழுதிவிட்டேன். எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ.

அதில் சிரித்த நாற்பத்தேழு பேரில் முக்கால்வாசிப் பேரை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் ஒருவன் சித்தப்பா மகன். அவனிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை. பொங்கலுக்கு வருவான், சோறு போடுவோம்.

அன்று எதிரே உட்கார்ந்திருந்த நண்பனுக்கு நேற்று இரவு போன் செய்தேன். சாட்சிக்கு அவனாவது இருக்கிறானே என்றுதான். ஒருமுறைக்கு இருமுறை சொல்லிப் பார்த்தேன். தொப்பி, பச்சைப் பேனா, நான் குனிந்தது. அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ‘அவரை நிறையத் தடவை பார்த்திருக்கிறோம்டா, ஆனால் பேனா எனக்கு நினைவில்லை’ என்றான். அன்று சோளா பட்டூரா சாப்பிட்டோம், உன்னிடம் காசு குறைந்தது, பதினோரு ரூபாய் நான்தான் போட்டேன், நீ இன்னும் தரவில்லை என்றான். சட்டைப் பையைத் துழாவிவிட்டு நான் அசடு வழிந்து நின்றதையும் அப்படியே சொன்னான்.

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. இன்று காலை பணத்தை அனுப்பிவிட்டேன்.