சதுர அடி விலை முழுச் செலவு அல்ல
பழைய வீட்டின் மர ஜன்னல்களை யுபிவிசிக்கு (கெட்டியான ஒரு வகை பிளாஸ்டிக்) மாற்றும்போது, சதுர அடி விலை குறைவாக உள்ள கொட்டேஷனே மலிவு என்று சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்லிவிட முடியாது. உதாரணத்துக்கு, நான்கடிச் சதுர ஜன்னல் 16 சதுர அடி. ஒரு விற்பனையாளர் வரி சேர்த்துச் சதுர அடிக்கு 600 ரூபாய் என்றால் 9,600. இன்னொருவரின் 550 ரூபாய்க் கணக்கு 8,800தான். ஆனால் அடியில் பொடி எழுத்தில் ‘ஜிஎஸ்டி தனி’ என்றிருந்தால், 18 சதவீதம் ஏறி 10,384 ஆகிவிடும். கொசுவலை, பழைய நிலைச்சட்டத்தைப் பெயர்க்கும் கூலி ஆகியவையும் விடுபட்டிருக்கலாம். சுவருக்குள் பதித்த இரும்புப் பட்டைகளோடு நிலை வெளியே வரும்போது சுவர்ப்பூச்சும் உதிரும். கொத்தனார் கூலியைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை! நீங்களே சரிபார்க்கலாம்: ஒரே ஜன்னலின் அளவைக் கொடுத்து, வரியும் இந்த வேலைகளும் அடங்கிய மொத்தத் தொகையை இருவரிடமும் எழுதி வாங்கிப் பாருங்கள்.